சான்றிதழ் பெற்ற கருவிகள் சேர்ந்து வேலை செய்யுமா?

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையைப் பூகம்பமும் சுனாமியும் தாக்கியபோது சென்டாய் நகரம் முழுக்க மின்சாரம் போனது. தொஹோகு ஃபுகுஷி பல்கலைக்கழக வளாகத்தில் சோதனைக்காக அமைத்திருந்த ஒரு மைக்ரோகிரிட் மட்டும், அங்கிருந்த மருத்துவமனைக்கு அந்த நாட்களில் மின்சாரம் கொடுத்தது. உலகெங்கும் மைக்ரோகிரிட் பற்றிப் பேசுகிறவர்கள் இதை இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அங்கே எல்லாம் தானாக நடந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் அதிர்ச்சியில் எரிவாயு எஞ்சின்கள் நின்றுபோயின. அதிமுக்கியமான கருவிகளை பேட்டரிதான் தாங்கிப் பிடித்தது. மறுநாள் ஊழியர்கள் நிலைமையைச் சரிபார்த்து எஞ்சின்களை மீண்டும் ஓட்டினார்கள்.

மைக்ரோகிரிட் என்பது, தேவைப்பட்டால் பெரிய மின்தொகுப்பிலிருந்து பிரிந்து தனித் தீவாக இயங்கி, பிறகு மறுபடியும் அதோடு சேர்ந்துகொள்ளக்கூடிய சிறு மின்வலை. இன்று ஒரு மைக்ரோகிரிட்டை எடுத்துக்கொண்டால் சூரிய இன்வெர்ட்டர் ஒரு நிறுவனத்துடையது, பேட்டரி இன்னொன்றுடையது, டீசல் ஜெனரேட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டி வேறொன்று, பிரேக்கரைத் திறந்து மூடும் ரிலே மற்றொன்று. இவை அனைத்தையும் கட்டி மேய்ப்பது நடுவில் உள்ள கண்ட்ரோலர். ஒவ்வொரு கருவியின் விவரப் பட்டியலிலும் 'ஐஇசி 61850 இணக்கம்', 'மோட்பஸ் வசதி உண்டு' என்பதுபோல, கருவிகள் செய்தி பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை ஒன்றின் பெயரோடு ஒரு வரி இருக்கும். அந்த வரியை நம்பி வாங்கிவிட்டு, களத்தில் ஒன்றோடொன்று இணைக்கும்போதுதான் தலைவலி தொடங்குகிறது. கருவி தனித்தனியாகத் தரநிலையோடு பொருந்துவது ஒன்று, கருவிகள் தமக்குள் பொருந்துவது இன்னொன்று. முதலாவதற்குச் சான்றிதழ் கிடைக்கும். இரண்டாவதை அந்தந்த மைக்ரோகிரிட்டுக்கென்று சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அந்தச் சோதனைக்குத்தான் நம் திட்டங்களில் பணமும் நேரமும் ஒதுக்கப்படாமல் போகிறது.

பிரியும் கணம்

எதைச் சோதிக்க வேண்டும் என்பது புரிய, மைக்ரோகிரிட் தனித் தீவாகப் பிரியும் அந்தக் கணத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுக் கூரையில் உள்ள சாதாரண சூரிய இன்வெர்ட்டர், வெளியே மின்சாரம் போனால் தானும் நின்றுவிட வேண்டும். மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ வகுத்து அமெரிக்காவில் வழங்கும் 1547 தரநிலை இதற்கு 2 விநாடி கெடு வைக்கிறது. கம்பியில் வேலை செய்கிற மின்வாரிய ஊழியரின் உயிரைக் காக்கும் விதி இது. மைக்ரோகிரிட்டில் நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. வெளியே மின்சாரம் போனதும் எல்லைப் பிரேக்கர் திறக்க வேண்டும், உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர்கள் தொடர்ந்து ஓட வேண்டும். அதுவரை பெரிய தொகுப்பின் அதிர்வெண்ணைப் பின்தொடர்ந்துகொண்டிருந்த பேட்டரி இன்வெர்ட்டர், இனி தானே அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் உருவாக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். மின்சாரம் போதாவிட்டால் அவசரமில்லாத சுமைகளை உடனே கழற்றிவிட வேண்டும்.

ஆக, 'பிரேக்கர் திறந்துவிட்டது', 'இது நாமாகச் செய்த பிரிவு, நிற்காதே', 'இனி நீதான் தலைமை', 'இந்த ஃபீடரை (சுமைகளுக்குப் போகும் மின்வழியை) கழற்று' என்று நான்கைந்து செய்திகள் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளுக்கிடையே சரியான வரிசையில் போய்ச் சேர வேண்டும். ஒன்று பிந்தினாலும் மாறிப் புரிந்துகொள்ளப்பட்டாலும் மைக்ரோகிரிட் முழுவதுமே அணைந்துவிடலாம். திரும்பச் சேர்வதும் லேசான காரியமில்லை. 500 கேவிஏ வரையிலான அமைப்புகளுக்கு, இரு பக்கமும் அதிர்வெண் வேறுபாடு 0.3 ஹெர்ட்ஸுக்குள்ளும், மின்னழுத்த வேறுபாடு 10 சதவீதத்துக்குள்ளும், கட்ட வேறுபாடு 20 டிகிரிக்குள்ளும் இருந்தால் மட்டுமே பிரேக்கரை மூட 1547 அனுமதிக்கிறது.

மொழிகள் பல, வழக்குகள் அதைவிடப் பல

இந்தக் கருவிகள் பேசும் நெறிமுறைகள் ஒரே காலத்தில் ஒரே நோக்கத்துக்காகப் பிறந்தவை அல்ல. மோட்பஸ் 1979இல் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக வந்தது. டிஎன்பி3 1993இல் வந்து, பிற்பாடு ஐஇஇஇ 1815 என்ற தரநிலையாகி, வட அமெரிக்க மின் நிறுவனங்களில் நிலைத்தது. ஐஇசி 61850 இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் துணைமின் நிலையங்களுக்காக எழுதப்பட்டது. சூரிய மின்சாரம், பேட்டரி போன்ற பரவலான மின்மூலங்களை விவரிக்கும் அதன் 7-420 பகுதி 2009இல்தான் சேர்ந்தது. இன்வெர்ட்டர்களை இணையவழி கட்டுப்படுத்த ஐஇஇஇ 2030.5 என்று ஒன்று உண்டு. கலிபோர்னியா தன் விதிகளில் அதையே இயல்புத் தேர்வாக வைத்தது.

இத்தனை இருக்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டாயமாக்குவதுதானே நியாயம் என்று தோன்றும். 2018இல் ஐஇஇஇ 1547ஐத் திருத்தியவர்கள், ஒவ்வொரு மின்மூலத்துக்கும் ஒரு தகவல் தொடர்பு வாயில் இருந்தே ஆக வேண்டும் என்று விதித்தது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த வாயில் 2030.5, டிஎன்பி3, சன்ஸ்பெக் மோட்பஸ் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைப் பேசினால் போதும் என்று விட்டுவிட்டார்கள். சந்தையில் ஏற்கெனவே இருந்தவர்களை அரவணைக்க வேண்டிய கட்டாயம் புரிகிறது. விளைவாக, விதிப்படி சரியான ஒரு இன்வெர்ட்டரும் விதிப்படி சரியான ஒரு கண்ட்ரோலரும் ஒருவர் சொல்வதை மற்றவர் அறியாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். நடுவே ஒரு மொழிமாற்றிப் பெட்டியை வைக்க வேண்டும். அந்தப் பெட்டியையும் யாராவது சோதித்தாக வேண்டும்.

ஒரே மொழி பேசினாலும் பிழைத்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. மோட்பஸைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அதில் தகவல் 16 பிட் அளவுள்ள 'ரிஜிஸ்டர்' எனும் அறைகளில் இருக்கும். எந்த அறையில் எந்த அளவு இருக்கிறது என்பதை மோட்பஸ் சொல்லாது, தயாரிப்பாளரின் கையேடுதான் சொல்லும். 32 பிட் எண்ணாக இருந்தால் அது இரண்டு அறைகளில் பிரிந்து உட்காரும். எந்தப் பாதி முதலில் வர வேண்டும் என்பதையும் மோட்பஸ் விதிக்கவில்லை. 50 ஹெர்ட்ஸ் என்ற அளவை, கணினிகள் பின்ன எண்களை எழுதும் வழக்கமான 32 பிட் வடிவில் (ஃப்ளோட்டிங் பாயின்ட்) எழுதினால், பதினாறடிமானத்தில் முதல் அறையில் 4248, இரண்டாவதில் 0000 என்று வரும். படிக்கிற கண்ட்ரோலர் பாதிகளை மாற்றி எடுத்துக்கொண்டால், 50 என்பதற்குப் பதிலாக தசமப் புள்ளிக்குப் பின் நாற்பது சுழியங்கள் கொண்ட ஒரு நுண்ணிய எண் கிடைக்கும். கண்ட்ரோலரைப் பொறுத்தவரை அதிர்வெண் பூஜ்யம், மின்தொகுப்பு செத்துவிட்டது. அது உடனே தீவாகப் பிரியச் சொல்லும்.

இது பரவாயில்லை. பிழை இவ்வளவு பெரிதாக இருந்தால் முதல் நாளே தெரிந்துவிடும். தெரியாமல் ஒளிந்துகொள்கிற பிழைகள்தான் ஆபத்தானவை. பேட்டரி 20 கிலோவாட் அளவில் சார்ஜ் ஆகிறது, அதை −20000 வாட் என்று இன்வெர்ட்டர் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். கழித்தல் குறியைக் கணக்கில் எடுக்காத நிரல் அதே அறையை 45536 என்று படிக்கும். மின்சாரத்தை விழுங்கிக்கொண்டிருக்கும் பேட்டரி, 45 கிலோவாட் கொடுத்துக்கொண்டிருப்பதாகத் திரையில் தெரியும். பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது மட்டும் சோதித்துப் பார்த்தவருக்கு இந்தப் பிழை கடைசிவரை கண்ணில் படாது. பவர் ஃபேக்டரின், அதாவது போகும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதத்தின் குறியிலும் இதே தொல்லை உண்டு. ஒரு மரபில் அது மின்திறன் போகும் திசையைச் சொல்லும், மற்றொரு மரபில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு முந்துகிறதா பிந்துகிறதா என்பதைச் சொல்லும். இரண்டு மரபுகளும் புழக்கத்தில் இருக்கின்றன.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2009இல் சன்ஸ்பெக் கூட்டமைப்பு உருவானது. மோட்பஸை அப்படியே வைத்துக்கொண்டு, எந்த அறையில் எது இருக்க வேண்டும் என்பதை மட்டும் அது பொதுவாக வரையறுத்தது. சன்ஸ்பெக் கருவியைப் படிக்கத் தொடங்கினால் முதலில் அதன் அடையாளச் சொல் வரும். அதைத் தொடர்ந்து 'இன்ன எண்ணுள்ள தகவல் மாதிரி, இத்தனை அறைகள்' என்ற விவரம் வரும். மும்முனை இன்வெர்ட்டருக்கு 103ஆம் மாதிரி. அளவு ஓர் அறையில், அதைப் பத்தின் எந்த அடுக்கால் பெருக்க வேண்டும் என்பது வேறோர் அறையில். இந்த அடுக்கைப் படிக்க மறந்துவிட்டு, பத்து மடங்கு கூடவோ குறையவோ கணக்கிடும் நிரல்கள் உண்டு. அப்படியிருந்தும், சிறிய மைக்ரோகிரிட்களுக்கு இதைவிட மலிவான, எளிய வழி இப்போதைக்கு இல்லை என்பதே என் கருத்து.

ஐஇசி 61850 இன்னும் ஆழமாகப் போகிறது. அறை எண்களுக்குப் பதிலாகப் பொருளுள்ள பெயர்களை அது கொடுத்தது. அளவீடு என்றால் எம்எம்எக்ஸ்யூ, பிரேக்கர் என்றால் எக்ஸ்சிபிஆர் என்று யார் செய்த கருவியிலும் ஒரே பெயர். அவசரச் செய்திகளுக்கு 'கூஸ்' என்ற முறை இருக்கிறது. பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் செய்தி 3 மில்லிசெகண்டுக்குள் சேர வேண்டும் என்பது அதன் இலக்கு. கூஸ் செய்தியை அனுப்பும் கருவி யாரிடமும் ஒப்புதல் கேட்டுக் காத்திருக்காது. நிகழ்வு நடந்ததும் நெட்வொர்க் முழுவதும் அறிவித்து, அதையே முதலில் அடுத்தடுத்து விரைவாகவும் பிறகு இடைவெளி விட்டும் திரும்பத் திரும்பச் சொல்லும். ஒவ்வொரு செய்தியிலும் அமைப்பின் திருத்த எண் ஒன்று இருக்கும். அனுப்பும் கருவியின் அமைப்பை யாராவது மாற்றியதால் அந்த எண் கூடி, கேட்கும் கருவியில் பழைய எண்ணே இருந்தால், பல ரிலேக்கள் அந்தச் செய்தியைப் புறக்கணித்துவிடும். இரண்டு கருவிகளும் நலமாக இருக்கும், நெட்வொர்க் விளக்குகள் பச்சையாகவே மின்னும், பிரேக்கர் மட்டும் திறக்காது.

சோதனைகள் எங்கே, எப்படி நடக்கின்றன

ஒரு கருவி 61850க்குப் பொருந்துகிறதா என்பதைப் பார்க்க அந்தத் தரநிலையின் 10ஆம் பகுதி வழி சொல்கிறது. தயாரிப்பாளர் முதலில் தன் கருவி எதை ஆதரிக்கிறது, எதை ஆதரிக்கவில்லை என்று ஓர் அறிக்கை கொடுப்பார். அந்த அறிக்கையில் சொன்னவற்றைத்தான் சோதனைக்கூடம் சரிபார்க்கும். விருப்பத்துக்கு விடப்பட்ட ஓர் அம்சத்தை ஒரு நிறுவனம் சேர்க்கவில்லை என்றால், அது சோதனைக்கே வராது, சான்றிதழும் பாதிக்கப்படாது. அதே அம்சத்தை நம்பி இன்னொரு நிறுவனம் தன் கண்ட்ரோலரை வடிவமைத்திருந்தால் இருவரிடமும் சான்றிதழ் இருக்கும், வேலை மட்டும் நடக்காது. இதில் யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது.

இதை உணர்ந்துதான் 61850ஐப் பயன்படுத்துவோரின் அமைப்பான யுசிஏ பன்னாட்டுப் பயனர் குழு, போட்டி நிறுவனங்களின் பொறியாளர்களை ஒரே கூடத்தில் கருவிகளோடு உட்கார வைத்துச் சோதிக்கத் தொடங்கியது. 2011இல் பாரிஸ், 2013இல் மியூனிக், 2015இல் பிரஸ்ஸல்ஸ், 2017இல் நியூ ஆர்லியன்ஸ், 2019இல் சார்லட் என்று அந்தச் சோதனை வாரங்கள் நடந்தன. அங்கே கண்ட சிக்கல்களில் பல, கம்பி வழியே போகும் செய்திகளில் இல்லை. ஒரு நிறுவனத்தின் மென்பொருள் எழுதிய அமைப்புக் கோப்பை மற்றொரு நிறுவனத்தின் மென்பொருள் திறந்து படிப்பதில் இருந்தன. இப்படிக் கிடைக்கும் ஐயங்கள் பொதுவில் பதிவாகி, விவாதிக்கப்பட்டு, அடுத்த பதிப்பில் திருத்தமாக நுழைகின்றன. தரநிலை என்பது அச்சிட்டு முடிந்த புத்தகமில்லை என்பதற்கு இந்த நடைமுறையே சாட்சி. போட்டியாளரின் முன்னால் தன் கருவியின் குறை தெரிந்தாலும் பரவாயில்லை என்று வந்து உட்காரும் பொறியாளர்களிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

மைக்ரோகிரிட்டை மொத்தமாகச் சோதிக்க வேறொரு வழி வேண்டும். மருத்துவமனைக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்போது பிரதான இணைப்பை அறுத்துப் பார்க்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் சூரியத் தகடு, பேட்டரி, ஜெனரேட்டர், கம்பிகள் எல்லாவற்றையும் ஒரு நிகழ்நேரக் கணினிக்குள் மாதிரியாக ஓடவிடுகிறார்கள். 50 மைக்ரோசெகண்ட் அளவிலான இடைவெளியில் அது முழு மின்வலையின் நிலையையும் திரும்பத் திரும்பக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். கண்ட்ரோலர் மட்டும் அசல். அதன் கம்பிகளில் வருவது நிஜமான மோட்பஸ், நிஜமான கூஸ். தான் பேசுவது ஒரு கணினி மாதிரியோடுதான் என்பது அதற்குத் தெரியாது. ஹார்ட்வேர்-இன்-த-லூப் எனப்படும் இந்த முறையில், களத்தில் நடத்தவே முடியாத விபத்துகளை ஒரே நாளில் பலமுறை நடத்திப் பார்க்கலாம். அமெரிக்காவில் கொலராடோவின் கோல்டன் நகரில் 2013இல் திறக்கப்பட்ட தேசிய ஆய்வக வளாகமும், மாசசூசெட்ஸில் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகமும் இதில் முன்னோடிகள். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம், நெதர்லாந்தின் பெட்டனிலும் இத்தாலியின் இஸ்ப்ராவிலும் இதற்கென்றே கூடங்கள் வைத்திருக்கிறது.

எதைச் சோதிப்பது என்பதற்கும் பொதுவான அளவுகோல் வந்துவிட்டது. 2017இல் வந்த ஐஇஇஇ 2030.7, கண்ட்ரோலரின் வேலையை இரண்டாகச் சுருக்கியது. ஒன்று, யார் எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்று பங்கிடுவது. மற்றொன்று, பிரிவதும் சேர்வதும். 2018இல் வந்த 2030.8, அவற்றை எப்படிச் சோதிப்பது என்று சொல்கிறது. கண்ட்ரோலருக்குள் என்ன நிரல் இருக்கிறது என்பதில் இந்த ஜோடி தலையிடவில்லை. வெளியே மைக்ரோகிரிட் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டுமே அளக்கச் சொல்கிறது. எனக்குத் தெரிந்தவரை இதுதான் சரியான அணுகுமுறை.

வட கரோலினாவின் மவுண்ட் ஹாலியில் டியூக் எனர்ஜி நிறுவனம் வேறொரு கோணத்தில் போனது. கருவிகளின் தாய்மொழியை மாற்றச் சொல்லி மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு சிறு கணினியை வைத்து, அந்தக் கணினிகள் தமக்குள் ஒரு பொதுமொழியில் நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்தது. தகவல் மைய அலுவலகத்துக்குப் போய்த் திரும்பி வர வேண்டியதில்லை, இன்வெர்ட்டர் அறிவிப்பதைப் பக்கத்து ரிலே அங்கேயே கேட்டுக்கொள்ளும். விருப்பமுள்ள பல நிறுவனங்களைச் சேர்த்து நடத்திய இந்த முயற்சியிலிருந்து வந்த ஓபன்எஃப்எம்பி, 2016இல் வட அமெரிக்க எரிசக்தித் தர வாரியத்தின் ஏற்பைப் பெற்றது.

செய்தி வராமல் போனால்?

சோதனைகளில் அடிக்கடி விட்டுப்போகும் பகுதி இது. எல்லாம் நன்றாக இருக்கும்போது கருவிகள் பேசிக்கொள்வதைக் காட்டுவது எளிது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஓடும் பழைய மோட்பஸ் கம்பியில் 50 ரிஜிஸ்டர்களைப் படிக்க, கேள்விக்கும் பதிலுக்கும் சேர்த்துச் சுமார் 0.13 விநாடி ஆகும். அதே கம்பியில் 20 கருவிகள் இருந்தால் ஒரு சுற்று முடிய 2.6 விநாடி. இன்வெர்ட்டர் நின்றுவிட 2 விநாடியே கெடு என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். கண்ட்ரோலருக்குச் செய்தி தெரியும் முன்பே கதை முடிந்திருக்கும். எனவே அவசர முடிவுகளைக் கருவிகள் தாமாகவே எடுக்க வேண்டும், கண்ட்ரோலர் நிதானமான வேலைகளைப் பார்க்க வேண்டும். இந்தப் பிரிவினை வரைபடத்தில் இருந்தால் போதாது. பேட்டரி முழு அளவில் சார்ஜ் ஆகும்போது நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டு அது நிரம்பி வழிகிறதா, சிறிது நேரத்தில் பாதுகாப்பான நிலைக்குத் திரும்புகிறதா? தொடர்பு மறுபடி வந்ததும் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் தலைமை ஏற்கப் பார்க்கின்றனவா?

திறந்த தரநிலைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2016 டிசம்பரில் கீவ் நகரின் ஒரு பகுதியை இருட்டாக்கிய இண்டஸ்ட்ராயர் என்ற தீநிரல், மின்துறையின் பொது நெறிமுறைகளையே சரளமாகப் பேசியது. ஐஇசி 61850ம் அவற்றில் ஒன்று. மோட்பஸில் கட்டளை கொடுப்பவர் யார் என்று கேட்கும் வழக்கமே கிடையாது. 61850 குடும்பத்துக்கு ஐஇசி 62351 பாதுகாப்பு விதிகளைத் தருகிறது. ஆனால் குறியாக்கமும் சரிபார்ப்பும் சேர்ந்த பிறகு பழைய நேரக்கெடுவுக்குள் செய்தி போகிறதா என்பதைத் திரும்பவும் அளந்தாக வேண்டும். பாதுகாப்பில்லாமல் சோதித்துவிட்டு, பாதுகாப்பைப் பிறகு பூட்டுவது சோதனையைச் செல்லாததாக்கிவிடும்.

ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் நிரலைப் புதுப்பிப்பதும் அப்படித்தான். 2015இல் ஹவாயின் ஓஆஹூ தீவில் சுமார் 8 லட்சம் மைக்ரோ இன்வெர்ட்டர்களின் அமைப்பை ஒரே நாளில் தொலைவிலிருந்தே மாற்றினார்கள். வீடு வீடாக ஆள் அனுப்ப வேண்டிய வேலை மிச்சமானது, மின்தொகுப்புக்கும் நன்மை கிடைத்தது. அதே வசதியால் போன மாதம் சோதித்த இன்வெர்ட்டர் இந்த மாதம் வேறொரு கருவியாக இருக்கலாம். சோதனைக்கூடத்தின் அறிக்கையில் ஃபர்ம்வேர் பதிப்பு எண் இல்லை என்றால் அந்த அறிக்கையால் பெரிய பயன் இல்லை.

இது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் மட்டுமான கதையில்லை. யாழ்ப்பாணத்துத் தீவுகளில் எழுவைதீவில் சூரியன், காற்று, பேட்டரி, டீசல் நான்கையும் சேர்த்த கலப்பு மின்திட்டம் ஏற்கெனவே வந்துவிட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இதேபோன்ற அமைப்புகளை இந்தியாவின் 1.1 கோடி டாலர் மானியத்தில் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. கடல் கடந்து பொறியாளர் வர வேண்டிய இடத்தில், பத்து ஆண்டு கழித்து இன்வெர்ட்டர் ஒன்று பழுதானால் அதே நிறுவனத்தின் அதே மாதிரிதான் வேண்டும் என்ற நிலை இருந்தால், அந்த நிறுவனம் அதற்குள் மூடப்பட்டிருந்தால், தீவு திரும்பவும் டீசலுக்கே போகும். நெறிமுறை ஒத்துப்போகிறதா என்ற கேள்வியின் விலையை அங்கே குடியிருப்பவர்கள்தான் கொடுப்பார்கள்.

இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டும் என்பதில்லை. மின் மீட்டர் விஷயத்தில் இந்தியா செய்ததைப் பின்பற்றலாம். மீட்டர்களிலிருந்து தகவல் படிப்பதற்கான டிஎல்எம்எஸ் என்ற விரிந்த பன்னாட்டுத் தரநிலையிலிருந்து நமக்குத் தேவையானதை மட்டும் பொறுக்கி, எந்த அளவு எந்தக் குறியீட்டில் வர வேண்டும் என்று 2011இல் ஐஎஸ் 15959 என்ற இந்தியத் தரநிலை தீர்மானித்தது. விருப்பத்துக்கு விட்டவை குறையக் குறைய, சோதனையும் எளிதாகிறது. மைக்ரோகிரிட்டுக்கும் அப்படியொரு சுருங்கிய பட்டியல் வேண்டும். அது வரும்வரை டெண்டர் எழுதுகிறவர் கையில் சில வரிகள் இருக்கின்றன. தரநிலையின் பெயரோடு நிறுத்தாமல் முழு ரிஜிஸ்டர் பட்டியலையும் அமைப்புக் கோப்புகளையும் வாங்குபவரின் சொத்தாகக் கேட்கலாம். பிரிதல், சேர்தல், முழு இருளிலிருந்து எழுதல், தொடர்பு அறுதல் ஆகிய நான்கையும் வாங்குபவரின் ஆட்கள் முன்னிலையில் நடத்திக் காட்டிய பிறகே கடைசித் தவணை என்று எழுதலாம். ஃபர்ம்வேர் மாறும் ஒவ்வொரு முறையும் அதே நான்கையும் திரும்ப நடத்துவது பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே சேர வேண்டும், அதற்கான செலவும் அதிலேயே இருக்க வேண்டும்.